ஃப்ரெட்டுக்கு நடுவில் இருக்கும் சுரம்: எலெக்ட்ரிக் கிட்டாரில் கமகம் எப்படி வருகிறது?

எலெக்ட்ரிக் கிட்டாரின் விநோத வாசிப்பு முறைகள் என்று தேடினால் ஒரு நீண்ட பட்டியல் கிடைக்கும். தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பது, ஒருமுறை மீட்டிவிட்டு இடது கையாலேயே நாலைந்து சுரம் எடுப்பது, இரண்டு கையாலும் பலகையில் தட்டி வாசிப்பது, உலோகக் கட்டையை வைத்து வழுக்குவது, வால்யூம் குமிழைச் சுண்டுவிரலால் திருகிக்கொண்டே வாசிப்பது. ராக் இசையில் இதெல்லாம் வித்தை. கூட்டம் கைதட்டும்.

இந்தப் பட்டியலை ஒரு வீணை வித்வானிடம் காட்டினால் அதில் பாதியைப் பார்த்து, "இது அன்றாடம் பண்றதுதானே?" என்பார். பட்டியலில் முதலில் நிற்கும் இழுப்புக்கு நம்மிடம் பெயரே இருக்கிறது: ஒதுக்கல். 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' ஒதுக்கல், ஒரிக்கை, நொக்கு, ஜாரு என்று கமகங்களை வகைப்படுத்தி, வீணையில் எப்படி வாசிப்பது என்று விளக்கி, சுரக்குறிப்பில் அவற்றுக்குத் தனித்தனி அடையாளமும் கொடுக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டார் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்னாடியே, தந்தியை இழுப்பதற்கு இங்கே குறியீடு வந்துவிட்டது.

அப்படியென்றால் கிட்டார் நம் கச்சேரி மேடைக்குச் சுலபமாக வந்திருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை. ஏன் வரவில்லை, பிறகு எப்படி வந்தது என்பதுதான் இந்தக் குறிப்பு.

ஃப்ரெட் என்பது ஒரு ரவுண்டிங்

என் தொழில் மென்பொருள் என்பதால் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். ஃப்ரெட் என்பது ரவுண்டிங் செய்கிற ஃபங்ஷன். விரலை எங்கே வைத்தாலும், அதற்கு முன்னால் இருக்கிற உலோகக் கம்பிதான் சுருதியைத் தீர்மானிக்கிறது. 3.2 என்று வைத்தாலும் 3.7 என்று வைத்தாலும் விடை ஒன்றுதான்.

ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்தால், ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சுமார் 5.95 சதவீதம் அதிக அதிர்வெண். பரவலாக இருக்கும் 648 மில்லிமீட்டர் தந்தி நீளத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், முதல் ஃப்ரெட் மேல்முனையிலிருந்து 36 மி.மீ. தள்ளி வரும். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடைவெளி 19 மி.மீ. ஒருவர் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுக் கம்பியை அடித்துவிட்டதால், கற்றுக்கொள்கிறவனுக்கு அபசுரம் வராது. கிட்டார் உலகம் முழுக்கப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கர்நாடக சங்கீதத்தில் சுரம் என்பது ஒரு புள்ளி இல்லை, ஒரு நடமாட்டம். தோடி ராகத்துக் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் அது ஒரு கட்டை. பாடுகிறவர் குரலில் அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் கட்டையை மட்டும் அமுக்கிப் பிடித்தால் சுரஸ்தானம் சரியாக இருக்கும், தோடி இருக்காது.

இந்தப் பிரச்சனைக்கு அரசு ஆணையே ஒன்று உண்டு. 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. நிலையான சுருதிகள், கமகம் வராது என்பது முக்கியமான குற்றச்சாட்டு. தடை தளர 1971 ஆனது. கிட்டார்மேலும் அதே சந்தேகம்தான்: இதில் ஸ்தானம் இருக்கிறது, ராகம் இருக்கிறதா?

இதற்கு எதிர்முனையில் வயலின். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பிய வாசிப்பைக் கேட்டுக் கற்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். வெளிநாட்டு வாத்தியம்தான், ஆனால் அதில் ஃப்ரெட் இல்லை. சுருதியை ஸ-ப-ஸ-ப என்று மாற்றினார்கள், சம்மணம் போட்டு மடியில் சாய்த்தார்கள், முடிந்தது. மேலே சொன்ன புத்தகத்தை எழுதிய சுப்பராம தீட்சிதர் இந்தப் பாலுசாமியின் பேரன்தான். ஆக, தடை வாத்தியத்தின் ஊரில் இல்லை. தடை அந்தக் கம்பியில்.

ஒரு காந்தாரத்துக்கு மூன்று வழி

சரி, கிட்டாரில் தோடி காந்தாரத்தை எப்படிக் கொண்டுவருவது?

முதல் வழி இழுப்பு. ரிஷபத்தின் ஃப்ரெட்டில் விரலை வைத்து, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மத்யமம் வரை ஏற்றுவது. இதில் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. அதிர்வெண் என்பது இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் ஒரு அரைச்சுரம் ஏற இழுவிசை 12 சதவீதம் கூட வேண்டும், இரண்டு ஏற 26, மூன்று ஏற 41. சுத்த ரிஷபத்திலிருந்து சுத்த மத்யமம் நான்கு அரைச்சுரம். அதற்கு 59 சதவீதம். கிட்டாரின் முதல் தந்தி சுமார் கால் மி.மீ. தடிமன், அது வழக்கமான சுருதியில் ஏறக்குறைய 7 கிலோ இழுவிசையில் நிற்கிறது. நான்கு அரைச்சுரம் இழுத்தால் 11 கிலோவைத் தாண்டும். எஃகுத் தந்தி அறுந்துபோகிற எல்லைக்குப் பக்கத்தில் போய்விட்டோம். விரல் நுனிக்கு என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது வழி ஜாரு. விரலைத் தூக்காமல் ரிஷபத்திலிருந்து மத்யமத்துக்கு வழுக்கிக்கொண்டு போய்த் திரும்புவது. கைக்குச் சுலபம். ஆனால் வழியில் ஒவ்வொரு ஃப்ரெட்டும் தன் பங்குக்கு ஒரு படியைச் சொல்லிவிடும். மெதுவாகப் போனால் சாய்தளம் இல்லை, படிக்கட்டு. வேகத்தில்தான் அந்தப் படிகள் காதில் கலந்துபோகும். விளம்பகாலத்தில் மாட்டிக்கொள்வோம்.

மூன்றாவது வழி இரண்டையும் கலப்பது. பாதித் தூரம் வழுக்கி, மீதியை இழுத்து, திரும்பும்போது இழுப்பைத் தளர்த்திக்கொண்டே வழுக்குவது. படிக்கட்டின் ஓரங்களை இழுப்பு மழுங்கடித்துவிடும். தந்தியின் சுருதியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டால் இழுக்க இன்னும் இடம் கிடைக்கும். கர்நாடக சங்கீதத்தைக் கிட்டாரில் உருப்படியாக வாசிக்கிற யாரையாவது கவனித்துப் பாருங்கள், இடது கை பெரும்பாலும் இந்தக் கலவையில்தான் ஓடிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் எது எவ்வளவு என்பது எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதைப் பாட்டுதான் சொல்லித்தர வேண்டும்.

ஜண்டை வரிசையில் வரும் ஸ்புரிதத்துக்கு இன்னொரு வேலை. "ஸஸ ரிரி" என்று போகும்போது இரண்டாவது சுரம் கீழ்ச்சுரத்தைத் தொட்டுவிட்டு அழுத்தமாக விழும். கிட்டாரில் ஒரு விரலைச் சுண்டி எடுத்துக் கீழ்ச்சுரத்தை ஒலிக்கவிட்டு, உடனே மறுபடி தட்டி மேலே வர வேண்டும். ராக் வகுப்பில் இதை வேகத்துக்காகப் பழகுவார்கள். நம் பிள்ளைகள் பாட்டு வகுப்பில் முதல் வருஷத்திலேயே இதைத் தொண்டையில் பழகிவிடுகிறார்கள்.

"ஃப்ரெட்டைப் புடுங்கிட வேண்டியதுதானே?"

ஓசூர் சிப்காட் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்ட கேள்வி இது. "கம்பிதான் பிரச்சனைன்னா அதைப் புடுங்கிப் போட்டுட வேண்டியதுதானேங்க சார்? எதுக்கு இவ்வளவு கஷ்டம்?"

நியாயமான கேள்வி. பிடுங்கிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஃப்ரெட் சுருதியை மட்டும் தீர்மானிப்பதில்லை, தந்திக்குக் கெட்டியான ஒரு முனையையும் கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்த முனை விரல் சதைதான். சதை அதிர்வை உறிஞ்சிவிடும், ஒலி சீக்கிரம் செத்துவிடும். வயலினுக்கு வில் இருக்கிறது, தொடர்ந்து சக்தி கொடுக்கலாம். மீட்டுகிற வாத்தியத்துக்கு ஒருமுறை கொடுத்ததுதான் முதல்.

விரலுக்குப் பதிலாகக் கெட்டியான பொருளை வைத்தால்? அதுதான் கோட்டுவாத்தியம் என்கிற சித்திரவீணை. மெட்டே கிடையாது, கட்டையைத் தந்திமேல் வழுக்கி வாசிப்பது. ஹவாய்த் தீவில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கிட்டாரை மடியில் கிடத்தி எஃகுத் துண்டால் வழுக்கியதும் இதே தீர்வுதான். அந்த ஹவாய் கிட்டார் கல்கத்தா வழியாக இந்தியாவில் பரவியது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி வாசித்தார். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவுடன் அவர் வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' இன்றும் விற்கிறது. அவருக்குப் பின் விஸ்வ மோகன் பட், ரை கூடருடன் சேர்ந்து செய்த தட்டுக்கு 1994இல் கிராமி வாங்கினார். ஆனால் கட்டை வைத்து வாசிக்கும்போது விரல்களின் சுதந்திரம் போய்விடும். துரிதமான ஸ்வரக் கோவைகளை வழுக்காமல் தனித்தனியாகத் தெறிக்கவைக்க அசாத்தியப் பயிற்சி வேண்டும்.

மூன்றாவது ஒரு வழி, பட்டறை நண்பருக்கு ரொம்பப் பிடித்தது. கம்பியை விட்டுவிட்டு, கம்பிகளுக்கு நடுவில் இருக்கும் மரத்தைக் குழிவாகச் செதுக்கிவிடுவது. வீணையில் 24 மெட்டுகளும் மெழுகுமேல் உயரமாக நிற்கும். விரல் தந்தியை அமுக்கினாலும் கீழே மரத்தில் படாது. உரசல் இல்லாததால் இழுப்பு வழுக்கிக்கொண்டு வரும். கிட்டாரில் விரல் மரத்தில் உரசும். மரத்தைக் குழித்துவிட்டால் கிட்டாரின் கம்பி வீணையின் மெட்டு மாதிரி ஆகிவிடும்.

ஜான் மெக்லாஃப்லின் இதைத்தான் செய்தார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் அவர் வீணை பயின்றவர். பிறகு எல். சங்கர், ஜாகிர் உசேன், டி. எச். விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவை அமைத்தபோது, பலகை குழிக்கப்பட்ட, ஏழு அனுதந்திகள் குறுக்கே ஓடும் ஒரு கிட்டாரைச் செய்யவைத்து வாசித்தார். வீணையைக் கற்றவருக்குக் கிட்டாரில் எது குறைகிறது என்று தெரிந்திருக்கிறது. அந்தக் கிட்டார் எலெக்ட்ரிக் இல்லை, மரக்கூடு உள்ளது. அதனால் ஒலியின் ஆயுள் பிரச்சனை பாக்கி இருந்தது.

மின்சாரம் கொடுத்தது சத்தத்தை மட்டுமல்ல

மின்சாரம் கிட்டாருக்குச் சத்தத்தைக் கூட்டியது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். கர்நாடக சங்கீதத்துக்கு அதைவிட முக்கியமான ஒன்று கிடைத்தது: நேரம்.

மரக்கூடு உள்ள கிட்டாரில் தந்தி தன் சக்தியைச் செலவழித்துப் பலகையை ஆட்டினால்தான் நமக்குக் கேட்கும். சத்தமாகக் கேட்க வேண்டும் என்றால் சீக்கிரம் செலவழிக்க வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரில் கெட்டி மரம், கூடு இல்லை. தந்திக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று செம்புக் கம்பியும் இருக்கும். எஃகுத் தந்தி ஆடும்போது காந்தப்புலம் ஆடும், கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். எங்கள் பக்கம் டூவீலர் மெக்கானிக்குகள் "பிக்கப் காயில் போயிடுச்சு" என்பார்களே, அதே தத்துவம், அதே பெயர். அங்கே மேக்னட்டின் மேடு காயிலைக் கடக்கும்போது பொறி எப்போது என்று தெரிகிறது. இங்கே தந்தி ஆடும்போது சுரம் என்ன என்று தெரிகிறது. தந்தி யாரையும் தள்ள வேண்டியதில்லை, சும்மா ஆடினால் போதும். அதனால் நிறைய நேரம் ஆடும்.

நேரம் கிடைத்தால் என்ன? ஒரே மீட்டில் இடது கை வழுக்கி, இழுத்து, தளர்த்தி, தட்டி ஒரு முழுச் சங்கதியை முடிக்கலாம். கமகத்துக்கு வேண்டியது அதுதான்.

இதை நம் மேடையில் நிரூபித்தவர் கிட்டார் கலைஞர் இல்லை, மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். 1969இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். மாண்டலின் கிட்டாரைவிட மோசம்: தந்தி குட்டை, ஒலி டக்கென்று அடங்கிவிடும், நான்கு ஜோடித் தந்திகள் வேறு. ஜோடியாக இருப்பதை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, சுருதி பிசிறும். ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்து, ஜோடிகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகள் வைத்துக்கொண்டார். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் பாடுவார், பையன் அதை வாத்தியத்தில் கொண்டுவர வேண்டும். விரலை எங்கே வைப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லாததால், குரல் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் விரல் போயாக வேண்டியிருந்தது. 1981இல் சென்னையில் கச்சேரி செய்தபோது அவருக்கு வயது 12. 2014இல் 45 வயதில் காலமானார். அந்த இடைப்பட்ட காலத்தில் "மாண்டலினில் கமகம் வருமா?" என்ற கேள்வியையே இல்லாமல் ஆக்கிவிட்டார்.

கிட்டாரில் 1980களில் சென்னையில் சுகுமார் பிரசாத் கர்நாடகக் கச்சேரி வாசித்தார். அடுத்து ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா. சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியல், பிறகு பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரி. கர்நாடக சங்கீதத்தை வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமாரியிடமும் கற்றவர். இதிலும் குரு கிட்டார் ஆள் இல்லை என்பதைக் கவனியுங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்து முழுக் கச்சேரி வாசிப்பார். 2006இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு மரியாதையாக 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஒரு தட்டும் போட்டார்.

அமெரிக்கக் கதையும் ஒன்று இதோடு ஒட்டுகிறது. ப்ளூஸ் மேதை பி. பி. கிங், தன் உறவினர் புக்கா ஒயிட் கட்டையால் வழுக்கி எடுத்த ஒலி தனக்கு வராததால்தான் இழுப்பையும் நடுக்கத்தையும் பிடித்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் காது முதலில், கை பிறகு.

வலது கையின் வழக்கு

இவ்வளவு நல்லதுக்கும் ஒரு விலை உண்டு. என் பார்வையில் உண்மையான விவாதம் இங்கேதான் இருக்கிறது.

ஒலி நீண்டுகொண்டே போனால் மீட்டுவதைக் குறைத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் வீணையில் கீர்த்தனை வாசிக்கும்போது மீட்டு என்பது சாகித்யத்தின் எழுத்து. பாட்டில் எங்கே புது அட்சரம் விழுகிறதோ அங்கே மீட்டு விழும். வார்த்தை தெரிந்த ரசிகர் வீணையைக் கேட்கும்போது மனசுக்குள் பாடிக்கொண்டே வருவது இதனால்தான். ஒரே மீட்டில் ஆறு சுரத்தை இழைத்தால் கேட்க வழவழப்பாக இருக்கும், ஆனால் வார்த்தையின் எலும்பு காணாமல் போகும். எல்லா சுரத்துக்கும் மீட்டினாலோ டைப்ரைட்டர் ஆகிவிடும்.

மீட்டின் முனையை மழுங்கடிக்கவும் எலெக்ட்ரிக் கிட்டாரில் வழி இருக்கிறது. வால்யூம் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து மீட்டி, பிறகு திறந்தால் தாக்கொலி மறைந்து சுரம் மட்டும் மலரும். வயலின் மாதிரி, குரல் மாதிரி இருக்கும். ஜெஃப் பெக் இதில் கெட்டிக்காரர். ஆலாபனைக்கு அருமையான ஆயுதம். கிருதிக்கு அளவோடுதான்.

ஸ்டான்லி ஜோர்டன் 1980களில் பிரபலமாக்கிய இருகைத் தட்டு முறை இன்னொரு ரகம். பியானோ மாதிரி இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் கேட்கும். பிரமிப்பாக இருக்கும், ஆனால் தட்டிய விரலால் இழுப்பது கஷ்டம் என்பதால் கமகம் குறையும். நமக்கு அது அதிகம் பயன்படாததில் ஆச்சரியம் இல்லை.

ஆக, ஒரு நுட்பம் விநோதமா சாதாரணமா என்பதைக் கையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது என்ன வேலைக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். "கிட்டாரில் கமகம் வராது" என்பவர்கள் ஃப்ரெட்டை மட்டும் பார்க்கிறார்கள். "டெக்னாலஜி எல்லாத்தையும் தீர்த்துடுச்சு" என்பவர்கள் காயிலை மட்டும் பார்க்கிறார்கள். காயில் கொடுத்தது சில விநாடிகள் அவகாசம். அதை ராகமாக்கியது, பாடிக் காட்டியதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய கை.

கேட்டுப் பாருங்கள்

அத்திப்பள்ளி டோல்கேட்டில் நிற்கும் நேரத்தில்கூடச் செய்யலாம், ஹெட்போன் போதும். தோடியில் ஒரே கிருதியைக் குரல், வீணை, மாண்டலின் அல்லது கிட்டார் என்ற வரிசையில் கேளுங்கள். முதல் சுற்றில் காந்தாரத்தை மட்டும் பின்தொடருங்கள்: அது எந்தச் சுரத்திலிருந்து கிளம்பி எங்கே போய்த் திரும்புகிறது, வழியில் படிக்கட்டு கேட்கிறதா. இரண்டாவது சுற்றில் பல்லவியில் எத்தனை மீட்டு என்று எண்ணுங்கள், வார்த்தையின் எழுத்துகளோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது சுற்றில் ஒரு மீட்டு எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள்.

வீட்டில் கிட்டார் இருந்தால் இன்னொன்று: போனில் ட்யூனர் செயலியைத் திறந்து வைத்து, ஒரு தந்தியை மெதுவாக இழுத்து முள் ஒரு அரைச்சுரம் ஏறுவதைப் பாருங்கள். பிறகு இரண்டு. மூன்றாவதில் விரல் என்ன சொல்கிறது என்று கவனித்தால், மேலே போட்ட 41 சதவீதக் கணக்கு நன்றாகவே புரியும்.

அடுத்த குறிப்பில் எல்லைக்கு அந்தப் பக்கம் போகலாம். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத், அந்த வாத்தியத்தின் சாவிகளோடு நடத்திய பேச்சுவார்த்தை தனிக் கதை. அங்கே ஃப்ரெட்டும் இல்லை தந்தியும் இல்லை, பிரச்சனை மட்டும் அதேதான்.